மாமா எங்களோடு வந்த ஞாயிற்றுக்கிழமை

சன்னாசிமலை ஆண்டவர் துணை

காஜா பேராங், மலாக்கா
17-9-1957

அன்பு மகள் மல்லிகாவுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அந்தக் குளிரிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் நோய்நொடி அண்டாமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லையே என்று மனம் கோணாதே. நாலு தடவை எழுத உட்கார்ந்தேன், நாலு தடவையும் எழுந்துவிட்டேன். நீல ஏர் லெட்டரில் இடம் போதாது என்று உன் அப்பா கோடு போட்ட தாள் வாங்கிவந்து மேசைமேல் வைத்து, “இன்னைக்கு எழுதி முடிக்காம எந்திரிக்காத ருக்கு” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அவர் தெருமுனை திரும்பியதும் நான் எழுந்து துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டேன். இப்போது மணி பதினொன்று. இனிமேல் எழுந்திருக்க வீட்டில் வேலை ஒன்றும் பாக்கி இல்லை.

லீட்ஸில் கோடை வந்துவிட்டால் சனி ஞாயிறு ஒருவரும் அறையில் தங்குவதில்லை, வேலை முறை இல்லாத பெண்களெல்லாம் சைக்கிள் எடுத்துக்கொண்டு ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விடுகிறோம், ஏரியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று எழுதியிருந்தாய், நீங்களும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள் அம்மா என்றும் எழுதியிருந்தாய். உன் அப்பா அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். நமக்கு இங்கே பன்னிரண்டு மாதமும் கோடைதான், ஆனால் நாங்கள் இந்த வருஷம் சுற்றிய மாதிரி எந்த வருஷமும் சுற்றவில்லை. மணல் லோரி ஓட்டுகிற நல்லையா இருக்கிறாரே, அவருடைய முதலாளி ஞாயிற்றுக்கிழமை லோரியைச் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமே நல்லையா லோரியைக் கழுவிப் பாய் விரித்துவிடுவார். ஞாயிறு காலையில் அவருடைய பெண்சாதியும் நாலு பிள்ளைகளும், எதிர்வீட்டு கண்ணம்மாக்காவும் அவள் மருமகளும், நானும் உன் அப்பாவும் ஏறிவிடுவோம். கண்ணம்மாக்கா கெபாயாச் சட்டைக்குக் கீழே கட்டிய கைலியை மடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு மிளகாய்ச் சம்பால் டப்பாவை மடியில் வைத்துக்கொள்வாள், இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டாள்.

ஜூன் கடைசியில் உஜோங் பாசிருக்குப் போனோம், அங்கே போர்த்துக்கீசியர் தங்கள் திருவிழாவுக்காகப் படகுகளுக்கெல்லாம் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து பொடி இறால் தள்ளும் வலையை உன் அப்பா தானும் தள்ளிப் பார்க்கிறேன் என்று வாங்கி, பத்தடி போவதற்குள் மூக்குக்கண்ணாடியோடு உள்ளே விழுந்து எழுந்தார், கண்ணாடி போயே போய்விட்டது. ஜூலையில் புக்கிட் காதிலில் கண்ணம்மாக்காவின் சொந்தக்காரர் பழத்தோட்டத்தில் டுரியான் விழுகிறதுக்குக் காத்திருந்தோம், நல்லையாவின் பிள்ளைகள் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு மரத்தடியில் ஓடினார்கள். ஆகஸ்டில் ஆயர் குரோ காட்டோரம் போனோம், உன் அப்பா தான் வேலை செய்கிற தண்ணீர்க் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று விளக்கத் தொடங்கினார், ஒவ்வொருவராகத் தூங்கிவிட்டார்கள். மெர்டேக்கா, சுதந்திர நாள், சனிக்கிழமை வந்தது நல்லதாய்ப் போயிற்று, அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் கால் தரிக்கவில்லை, பண்டா ஹிலிர் திடலில் அத்தனை சனம், அத்தனை கொடி, நல்லையாவின் கடைக்குட்டிப் பெண் என் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

இவ்வளவும் படித்துவிட்டு அம்மா சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைப்பாய். சந்தோஷம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜூலையிலிருந்து நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெளியே ஓடினதற்குக் காரணம் உன் கடிதம் இல்லை மல்லிகா. வீட்டுக்குள் இருந்தவனை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதைச் சொல்லவேண்டுமானால் உனக்கு ஒன்றரை வருஷமாகச் சொல்லிவந்த பொய்யை முதலில் சொல்லவேண்டும். உன் அப்பாசாமி மாமா சிங்கப்பூருக்குக் கப்பல்துறை வேலைக்குப் போகவில்லை. போன வருஷம் ஏப்ரல் மாதம் அவனைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீ கப்பலேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை, முதல் பரீட்சை வருகிறது என்று எழுதியிருந்தாய், இதைக் கேட்டால் திரும்பி வந்துவிடுவாளோ என்று நானும் உன் அப்பாவும் பேசிச் சிங்கப்பூர் என்று எழுதினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் மாமா சுகமாக இருக்கிறார் என்று எழுதும்போது என் கை நின்று நின்றுதான் எழுதியது.

நடந்தது இதுதான். மாமா பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்த தோட்டம் ஜொகூர்ப் பக்கம், உனக்குத் தெரியும். நம் மலாக்காவில் நாலு வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்ட அந்த அரிசிச் சட்டம் அங்கே இன்னும் கடுமையாக இருந்தது. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று வீட்டில் உலை வைக்கவே விடுவதில்லை, எல்லாருக்கும் ஒரே இடத்தில் பொங்கி அங்கேயே உட்காரவைத்துப் போடுவார்கள், வேலைக்காட்டுக்கு ஒரு பருக்கை கொண்டுபோகக்கூடாது, கேட்டில் ஆண் பெண் எல்லாரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். மாமாவின் பால் வாளிக்குள் இலையில் சுற்றிய ஒரு பிடி சோறு இருந்தது. யாருக்கு என்று கேட்டிருக்கிறார்கள். அவன் வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்காததனால் காட்டுக்காரர்களுக்குத்தான் என்று ஆகிவிட்டது. அப்போது அஞ்சலை அத்தைக்கு ஆறாவது மாதம். அவளை அவள் அம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பெண் குழந்தை பிறந்தது, பதினோராம் நாள் தவறிவிட்டது. நான் துக்கத்துக்குப் போனேன், அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி பட்டினி கிடக்கக் காட்டுக்காரனுக்குச் சோறு கொண்டுபோனானாம் என்று அங்கே பெண்கள் என் காதுபடப் பேசினார்கள். உன்னிடம் இனி எதையும் ஒளிக்கப்போவதில்லை, நானும் பாதி நம்பினேன். கூடப் பிறந்த தம்பியை நம்பவில்லை.

பதினைந்து மாதம் கழித்து ஜூலையில் விட்டார்கள். தோட்டத்தில் திரும்பச் சேர்க்கவில்லை, ஒரு துணிப்பையோடு நம் வீட்டுக்கு வந்தான். உன் அறையைத்தான் கொடுத்தேன். மெலிந்திருந்தான், அது பெரிதில்லை. நம் வீட்டு வேலிப் படலைத் தாண்டும் இடத்துக்கு வந்ததும் நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொள்கிறான், யாரோ வந்து தடவிப் பார்ப்பதற்கு நிற்கிற மாதிரி. தனக்கே தெரியாமல் செய்கிறான். தெருப் பிள்ளைகள் இரண்டு தடவை சிரித்தார்கள், அதற்குப் பிறகு வெளியே போவதையே விட்டுவிட்டான். நாள் முழுக்க உன் அறைக்கும் சமையற்கட்டுக்கும் நடப்பான், பலகைத் தரையில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அத்தையைப் போய்க் கூட்டிவருவோமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான், வேண்டாம் என்று. அவன் நடக்க நடக்க எனக்கும் உட்கார முடியாமல் போயிற்று. சனிக்கிழமை வந்தால் போதும், எங்காவது கிளம்பவேண்டும். ஒவ்வொரு வாரமும் அவனைக் கூப்பிடுவேன், வரமாட்டான். லோரியில் போகும்போது பாட்டும் சிரிப்புமாக இருக்கும், திரும்பிவரும்போது அவன் சாப்பிட்டிருப்பானா என்று நல்லையாவைச் சீக்கிரம் ஓட்டச் சொல்வேன்.

இந்த மாதம் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் கிளிங்குக்குப் போவதாக இருந்தது. லோரி வாசலில் நிற்கிறது, எல்லாரும் ஏறியாயிற்று. எனக்கு என்ன தோன்றியதோ, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாசாமி வந்தால்தான் வருவேன், இல்லாவிட்டால் நீங்கள் போய்வாருங்கள் என்றேன். உன் அப்பா லோரியிலிருந்து இறங்கி, என்ன ருக்கு இது என்று கெஞ்சினார். நல்லையாவின் பிள்ளைகள் முகம் தொங்கிப் போயிற்று. கண்ணம்மாக்கா மலாக்காச் செட்டி வீட்டில் மலாய் பேசி வளர்ந்தவள், தமிழ் நாலைந்து வார்த்தைதான் என்பது உனக்குத் தெரியும், அவள் லோரியில் இருந்தபடியே வீட்டுக்குள் பார்த்து மலாயில் கத்தினாள், அப்பாசாமி, உன் அக்கா உனக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் வந்திருக்கிறாள் தெரியுமா, எனக்குத் தெரியும், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். லோரியின் பின்மூலையில் ஏறி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நான் புளிச்சோற்றுப் பானையை அவனிடமிருந்து தள்ளியே வைத்தேன். அவன் பானையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கிளேபாங் தாண்டியதும் சாலையோரம் ஒரு போலீஸ்காரப் பையன், இருபது வயதுகூட இருக்காது, சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினான். லோரியில் நின்றுகொண்டு வரக்கூடாது, எல்லாரும் உட்காருங்கள் என்று சொல்லத்தான் நிறுத்தினான். சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஒன்றுமில்லை. வாசனை அவனை இழுத்துவிட்டது. பானையில் என்ன அக்கா என்று சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டபடி கையை நீட்டி மூடியைத் தூக்கினான். நான் சோறு தம்பி என்று சொல்லி முடிக்கவில்லை, பின்னால் தொம் என்று சத்தம். அப்பாசாமி லோரியிலிருந்து குதித்துத் தென்னந்தோப்புக்குள் ஓடிக்கொண்டிருந்தான். நான் அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன், கத்தக் கத்த வேகமாக ஓடினான்.

அதற்குப் பிறகு எப்படி மதியம் போனது என்று எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. உன் அப்பா சாலைப்பக்கம் போனார், நல்லையா தோப்புக்குள் போனார், அந்தப் போலீஸ்காரப் பையன் முகம் வெளுத்துப்போய், நான் என்ன அக்கா செய்தேன், நான் சும்மாதானே பார்த்தேன் என்று என்னிடம் மூன்று தடவை கேட்டான். உன் அப்பா சுருக்கமாக விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிச் சைக்கிளில் மாட்டிவிட்டு, தொப்பி இல்லாமல் போனால் பயப்படமாட்டார் அல்லவா என்று அவனும் தேடக் கிளம்பினான். நான் கடற்கரையோடு ஓடினேன். மணல் சுட்டது, செருப்பு எங்கே விழுந்தது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், சீனக் குடும்பங்கள் குடை நட்டு உட்கார்ந்திருக்கின்றன, பிள்ளைகள் பந்து விளையாடுகின்றன, வானொலிப் பெட்டியில் யாரோ பாடுகிறார்கள், நான் ஒவ்வொரு அலையாகப் பார்த்துக்கொண்டு ஓடுகிறேன். தண்ணீரில் ஒரு தலை தெரிந்தால் போதும், சேலையோடு தண்ணீருக்குள் இறங்குவேன், கிட்டப் போனால் யாரோ நீந்திக்கொண்டிருப்பார்கள். வரமாட்டேன் என்றவனை நான்தானே பிடிவாதம் பிடித்துக் கிளப்பினேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

மணி இரண்டுக்குமேல் இருக்கும், மீன் காயவைக்கிற பரண்களுக்குப் பக்கத்தில் ஒரு மலாய்ப் பெண் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றைக் காட்டினாள். ஒருவர் உள்ளே இருக்கிறார், தண்ணீர் கொடுத்தேன் குடித்தார், வாழைப்பழம் கொடுத்தேன் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், உங்கள் ஆளா என்று கேட்டாள். நான் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். இருட்டில் அவன் கண் மட்டும் தெரிந்தது. வாடா வெளியே என்றால் வரவில்லை. அதனால் நானே உள்ளே நுழைந்துவிட்டேன். இந்த வயதில், இந்த உடம்போடு, சேலையெல்லாம் மணலாக, மீன் எண்ணெய் நாற்றத்தில், அவன் பக்கத்தில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மலாய்ப் பெண் ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். பிறகு நான் கேட்டேன், ஒன்றரை வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன், யாருக்குடா அந்தச் சோறு என்று. “அஞ்சலைக்குத்தான்கா” என்றான்.

அவளுக்குத் தூரத்து மர நிரையில் வேலை போட்டிருந்தார்களாம். காலையில் நாலரை மணிக்குப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்கும்போதே பசிக்கிறது என்று சொன்னாளாம். முந்தின நாள் பத்து மணிக்கு மரத்தடியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாளாம். அதனால் தன் பங்கில் ஒரு பிடியை இலையில் வைத்து வாளியில் வடிகட்டிக்கு அடியில் வைத்திருக்கிறான். ஏன் அதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா அவளையும் சேர்த்துல்ல கொண்டுபோவாங்க. வயித்துப் பிள்ளையோட அங்க எப்படி இருப்பா?” என்றான். சரி, இப்போதுதான் வெளியே வந்துவிட்டாயே, அவளிடமாவது போய்ச் சொல்லக்கூடாதா, ஊரே உன்னை வேறு மாதிரிப் பேசுகிறதே என்றேன். அவன் மணலைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தான். “என்னத்தன்னுக்கா சொல்றது? உனக்காகத்தான் உள்ள போனேன், நான் போனதுனாலதான் பிள்ள போச்சுன்னா? எல்லாத்தயும் அவ தலையில தூக்கி வச்ச மாதிரி ஆகாதா? என்னை அவ திட்டிக்கிட்டே இருக்கட்டும். அது பரவால்ல” என்றான். அழவில்லை. அவன் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளிடம் சொல்லமாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டான். நான் சத்தியம் பண்ணவில்லை, முதலில் வெளியே வா, முதுகு வலிக்கிறது என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன். லோரிக்குப் போனபோது எல்லாரும் பானையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் போலீஸ்காரப் பையன் எழுந்து நின்று, அபாங், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோலச் சொன்னான். மாமா அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். யாரும் சாப்பிடவில்லை, பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தோம்.

அன்றிலிருந்து நாலு நாள் நான் பட்டபாட்டை உன் அப்பாவிடம் கேள். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பு மூட்ட மறந்தேன், மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுக் கும்பிடாமல் திரும்பினேன். சொன்னால் தம்பியின் வாக்கை மீறினவள் ஆவேன், சொல்லாவிட்டால் இரண்டு உயிர் இரண்டு ஊரில் கிடந்து தேயும். உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் சவரம் பண்ணிக்கொண்டே, “நீதான் சத்தியம் பண்ணலையே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். வியாழக்கிழமை காலையில் ஜாசின் பஸ் ஏறிவிட்டேன். அஞ்சலை தோட்டத்து லய வீடுகளின் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன், படகுக்கு அடியில் அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே சொன்னேன். அவள் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். நான் முடித்ததும், “பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி, விட்டா அடுத்தது மூணு மணிக்குத்தான்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை கிளேபாங் கடற்கரையில் இருப்போம், பெரிய புளியமரத்துக்குக் கீழே லோரி நிற்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது தப்புப் பண்ணிவிட்டேனோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பப் போகத் தோன்றியது.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை மாமா கூப்பிடாமலே லோரியில் ஏறினான். போன வாரம் தன்னால் பிள்ளைகளின் நாள் கெட்டுப்போயிற்று என்று நினைத்திருக்கவேண்டும். கிளேபாங்கில் அலை இல்லாமல் கடல் தட்டையாக இருந்தது, நல்லையா பிள்ளைகளோடு சிப்பி பொறுக்கினார், உன் அப்பா புதுக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார், மாமா மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பட்டத்துக்கு வால் கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை, சாலையைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். பத்து மணி பஸ் போயிற்று, பதினொன்று போயிற்று. பன்னிரண்டு மணி பஸ்ஸிலிருந்து கறுப்புக் குடை ஒன்று இறங்கியது. அஞ்சலைதான். என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, நேராக அவனிடம் போய் நின்றாள். அவன் எழுந்தான். குடையை மடக்கி மணலில் குத்தினாள். பிறகு பிடித்தாள் பார், கடற்கரையே திரும்பிப் பார்க்கிற மாதிரி. “பசிக்குதுன்னு நான்தானே சொன்னேன்! எனக்குத் தெரியாதா அது யாருக்குன்னு? ஜெயிலுக்குப் பார்க்க வந்தவள இனிமே வராதன்னு சொல்லி அனுப்பினீங்களே, என்னால உள்ள வந்துட்டோம்னு என் மூஞ்சியே பிடிக்கலன்னு நெனச்சேன். அண்ணி வந்தப்ப எந்த மூஞ்சியோட பார்க்கிறது? நான் வாயத் தொறந்து பசிக்குதுன்னு சொல்லாம இருந்திருந்தா நீங்க போயிருப்பீங்களா? இதையே நெனச்சு நெனச்சு நான் செத்தேன், நீங்க என்னடான்னா அக்காகிட்ட சொல்லுவீங்க, எங்கிட்ட சொல்லமாட்டீங்க!” என்று.

நல்லையாவின் பெண்சாதி பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போய்விட்டாள். நான் போயிருக்கவேண்டும், போகவில்லை. மாமா ஒன்றே ஒன்று கேட்டான். “பிள்ளைக்கு என்ன பேரு வச்ச?” என்றான். அவள் அதுவரைக்கும் கத்திக்கொண்டிருந்தவள், சட்டென்று குரல் இறங்கிப்போய், “வைக்கல. நீங்க வந்து வைப்பீங்கன்னு இருந்தேன்” என்றாள். அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் மல்லிகா, பதினைந்து மாதத்துக்கும் அதற்குப் பிறகு உள்ளதற்கும் சேர்த்து அழுதான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், தொடவில்லை, ஆனால் குடையை எடுத்து விரித்து இரண்டு பேருக்கும் பிடித்துக்கொண்டாள். கண்ணம்மாக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பி, நட ருக்மணி, இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்று மலாயில் சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மணிக்கு மழை வந்தது, நல்ல மழை. நல்லையா ஹாரன் அடிக்கப் போனார், உன் அப்பா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். லோரியில் பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு எல்லாரும் நனைந்தபடி காத்திருந்தோம், அவர்கள் இரண்டு பேரும் தண்ணீரோரமாகத் தூரத்தில் நடந்துபோய்த் திரும்பி வரும்வரைக்கும்.

இப்போது அத்தை இங்கேதான் இருக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். நேற்று முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, இன்று காலையில் உப்பு ஜாஸ்தி என்று சண்டை. மாமா இன்னும் வீட்டுக்குள் நடக்கிறான். உன் அப்பா சொல்லி ஆயர் குரோவில் குழாய்க்குக் குழி வெட்டுகிற வேலைக்குத் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள், போவானா என்று பார்க்கவேண்டும். அத்தை உன் படத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரி மிஸ்ஸி உடுப்பில் மல்லிகா எப்படி இருப்பாள் என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே என்று நல்லையா இப்போதே கேட்கிறார், வீட்டிலேயே ஒரு நாள் இருந்து பார்க்கலாமா என்றுகூட நினைக்கிறேன்.

பொய் சொன்னதற்கு அம்மாவைக் கோபித்துக்கொள், உனக்கு உரிமை உண்டு. நீ தாங்கமாட்டாய் என்று நானாக முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் இன்று உன் கடிதங்களையெல்லாம் எடுத்து முதலிலிருந்து படித்தேன். மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, கூட வந்த பெண்கள் பேரெல்லாம் இருக்கிறது, பதினேழு கடிதத்திலும் கடைசியில் நான் சுகம் என்று ஒரே மாதிரி எழுதியிருக்கிறாய். பிப்ரவரிக் கடிதத்தில் கையெழுத்து நடுங்கியிருக்கிறது, அப்போது எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. அங்கே உன் நிறத்தைச் சொல்லி யாராவது பேசுகிறார்களா, அந்தச் சாப்பாடு வயிறு நிறைகிறதா, ஞாயிற்றுக்கிழமை சுற்றிவிட்டு அறைக்குத் திரும்பினால் அழுகை வருகிறதா, ஒரு வார்த்தை இல்லை.

சன்னாசிமலை ஆண்டவர் உனக்குத் துணை நிற்கட்டும், படித்து முடித்து நல்லபடியாக வந்து சேர், உன் அப்பாவும் மாமாவும் அத்தையும் கண்ணம்மாக்காவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். குளிர் தொடங்குமுன் கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டு எடு. மறக்காமல் உடனே பதில் போடு. பசித்தால் பசிக்கிறது என்று எழுது மல்லிகா, நான் இங்கே அதைப் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா
ருக்மணி